ஆற்றங்கரையில் குதிரையைக் கட்டிய விதம்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகும் வழியில், பவானி ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கினோம். மாமனும் நானும், எங்கள் பெண்குதிரையும். வேப்பமரத்தடியில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். நடுச்சாமத்தில் தொப்பென்று சத்தம். பின்னங்காலில் கயிறு சுற்றி, குதிரை கீழே கிடந்தது. குளம்புக்கு மேலே தோல் உரிந்து சிவந்திருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

"கயித்த மேல கட்டோணும் மாப்ள" என்றார் மாமன்.

காயத்தைக் கழுவிவிட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே சுமார் 7 அடி உயரத்தில், குதிரையின் தலைக்கும் மேலே ஒரு தடித்த கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினோம். மரப்பட்டை அறுபடாமல் இருக்கச் சாக்கை மடித்துக் கொடுத்தோம். தலைக்கயிற்றை அதிலிருந்து தொங்கவிட்டோம். வாய் சோளத்தட்டை எட்ட வேண்டும், கயிறு தரையில் புரளக் கூடாது. அந்த அளவுதான் முக்கியம். முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

அப்புறம் தண்ணீர். புது ஊர்த் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. தண்ணீர் குறைந்தால் தீனி குடலில் இறுகி வயிற்றுவலி வந்துவிடும், குதிரைக்கு அது உயிருக்கே ஆபத்து. வாளியில் ஒரு கை நாட்டுச்சர்க்கரை கரைத்து வைத்தேன். காது இரண்டும் முன்னால் சாய, மடமடவென்று குடித்தது.