கூடைப்பந்து வீரர்கள் சறுக்கும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடைப்பந்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குள் எப்படிப் போவது? போனவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பல வருடம் விடிகாலையில் எழுந்து அந்த ஆட்டங்களைப் பார்த்தவன் என்ற முறையில், எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. திறமை இருந்தும் சறுக்கியவர்கள் நிறையப் பேர். இன்றைக்குத் தனக்கு இருக்கும் விலை நாளைக்கும் இருக்கும் என்று நம்பியதுதான் அவர்கள் செய்த தவறு.

முதலில் கணக்கைப் பாருங்கள். 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். ஆக மொத்தம் 450 இடம். ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், சுமார் 60 பேர் புதிதாக வந்து நிற்கிறார்கள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கே இரண்டு ஆண்டுச் சம்பளம்தான் உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அந்த உறுதியும் கிடையாது. பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015இல் டல்லாஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்தபோது இங்கே எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அவர் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தேர்வானாலே வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, கையில் வந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிடுவது. 2017இல் நெர்லன்ஸ் நோயலுக்கு டல்லாஸ் 4 ஆண்டுக்கு 7 கோடி டாலர் தர முன்வந்ததாகச் செய்தி வந்தது. இன்னும் ஒரு வருடம் நன்றாக ஆடினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணி, சுமார் 41 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பருவத்தில் கட்டைவிரலில் அறுவை சிகிச்சை. பாதி ஆட்டங்கள்கூட ஆட முடியவில்லை. மறு வருடம் குறைந்தபட்சச் சம்பளத்துக்குத்தான் இடம் கிடைத்தது. 2021இல் டென்னிஸ் ஷ்ரோடருக்கும் ஏறக்குறைய இதே கதை. லேக்கர்ஸ் அணி தர முன்வந்ததாகச் சொல்லப்பட்ட 8 கோடிக்கு மேற்பட்ட டாலரை விட்டுவிட்டு, பாஸ்டனோடு 59 லட்சத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பேரம் பேசுவது தவறில்லை. ஆனால் இந்தத் தொகை போனால் அடுத்தது எவ்வளவுக்கு இறங்கும் என்று ஏஜென்டிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஏறும் என்பதை அவர் கேட்காமலே சொல்வார்.

காயத்தோடு ஆடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ரசிகர்களாகிய நாமும் அதைக் கைதட்டி வளர்க்கிறோம். ஐசயா தாமஸ் 5 அடி 9 அங்குலம்தான். 2011 டிராஃப்டில் கடைசியாக, 60ஆவது ஆளாகத் தேர்வானவர். 2016-17இல் பாஸ்டனுக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளி எடுத்தார். மார்ச்சில் இடுப்பில் அடிபட்டது. ஏப்ரலில், கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுகளில் பாஸ்டனின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், தங்கை கார் விபத்தில் இறந்துபோனாள். மறுநாளே களத்தில் நின்றார். அடுத்த சுற்றில் வாஷிங்டனோடு முதல் ஆட்டம். எதிராளியின் முழங்கை பட்டு முன்பல் விழுந்தது. தரையில் கிடந்த பல்லை எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஆடினார். பல் மருத்துவரிடம் மணிக்கணக்கில் சிகிச்சை எடுத்துவிட்டு வந்து, தங்கையின் பிறந்தநாளான மே 2 அன்று 53 புள்ளிகள் குவித்தார். இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

அதற்குள் இடுப்பு இன்னும் மோசமாகியிருந்தது. ஆகஸ்டில் பாஸ்டன் அவரை கிளீவ்லாண்டுக்கு மாற்றிவிட்டது. பிப்ரவரியில் அங்கிருந்து லேக்கர்ஸ், மார்ச்சில் அறுவை சிகிச்சை. பெரிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தவர் 2018 கோடையில் டென்வரில் சுமார் 20 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அவருடைய துணிச்சலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அணி விலை கொடுக்கவில்லை, அவர்தான் கொடுத்தார். 2019 இறுதிப் போட்டியில் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பிய கெவின் டுராண்டுக்கு அதே ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்தது. அப்படியும் புரூக்ளின் அவருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம் தந்தது. அவர் டுராண்ட் என்பதால் தந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அணி மருத்துவர் சொன்னபிறகு வேறொரு மருத்துவரிடமும் கேட்க வீரர்களுக்கு உரிமை இருக்கிறது. அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

பணத்துக்கு வருவோம். ஆண்டுவான் வாக்கர் என்.பி.ஏ.வில் 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர், 2006இல் மயாமியோடு கோப்பை வென்றவர். 2010இல் திவால் மனு கொடுத்தார். கார், சூதாட்டம், கூடவே சுற்றும் கூட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். பெரிய அடி சிகாகோவில் வாங்கிய கட்டடங்களில் விழுந்தது. கடன்களுக்குத் தானே நேரடியாக உத்தரவாதம் போட்டிருந்தார். 2008இல் வீட்டுச் சந்தை சரிந்ததும் வங்கிகள் அவர் கழுத்தைத்தான் பிடித்தன. அப்புறம், அறிவிக்கும் சம்பளம் அப்படியே கைக்கு வருவதும் இல்லை. கூட்டாட்சி வரியே உச்சத்தில் 37 சதவீதம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அதற்கு மேல் தனி வரி. ஆடப்போகும் ஊர்களிலும் வரி, ஏஜென்டுக்கு 4 சதவீதம் வரை. சம்பளத்தில் 10 சதவீதத்தை லீக்கே பிடித்து வைத்து, ஆண்டுக் கணக்கு முடிந்தபிறகுதான் தீர்க்கும். பாதி வந்தால் பெரிது என்று வைத்துத்தான் செலவைத் திட்டமிட வேண்டும்.

வாயில் போடும் எதையும் சோதிக்காமல் போடக் கூடாது. சத்னாம் சிங்குக்கு ஹைஜெனமைன் என்ற பொருள் உடலில் இருந்ததற்காக 2020இல் இரண்டு ஆண்டுத் தடை விதித்தார்கள். சில செடிச் சாறுகளிலும் உடற்பயிற்சிப் பொடிகளிலும் இருக்கும் பொருள் அது. தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னாலும், உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

கடைசியாக, பெஞ்சில் உட்கார, அதாவது மாற்று ஆளாக ஆட மறுப்பது. ஆலன் ஐவர்சன் 2009இல் மெம்ஃபிஸில் மூன்றே ஆட்டங்களில் விலகினார், முதல் ஐவரில் இடம் இல்லாதது பிடிக்காமல். கார்மெலோ ஆண்டனியிடம் 2017இல் பெஞ்சிலிருந்து ஆடுவீர்களா என்று கேட்டபோது சிரித்தார். அடுத்த ஆண்டு ஹூஸ்டனில் 10 ஆட்டம், பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் வேலையே இல்லை. போர்ட்லாண்ட் அழைத்தபிறகுதான் மீண்டும் களம் கிடைத்தது. பிற்பாடு அதே பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நன்றாகவே ஆடினார்.

வின்ஸ் கார்ட்டர் இதைப் புரிந்துகொண்டவர். எகிறிப் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் போட்டு உலகத்தையே வாய் பிளக்க வைத்தவர், முப்பதுகளின் நடுவில் பெஞ்சுக்கு நகர்ந்தார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். 22 பருவங்கள் ஆடினார். 2020 மார்ச் 11, அட்லாண்டாவில் நியூயார்க்கோடு ஆட்டம். கொரோனாவால் லீக் நிறுத்தப்படுகிறது என்ற செய்தி அரங்கத்துக்குள்ளேயே பரவிவிட்டது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள், தோல்வி முடிவாகிவிட்டது. ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்த, 43 வயது கார்ட்டர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். பந்தைக் கையில் கொடுத்தார்கள். எதிரணியில் யாரும் மறிக்கவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார், விழுந்தது.