நாடுகடத்தப்படுபவர் ஏறும் விமானத்தில் கப்டனின் வேலை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து விமானி வேலைக்கும் கேபின் வேலைக்கும் போகிற பிள்ளைகள் வளைகுடா – கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) வழியில் பறந்தால், இதைச் சந்திக்காமல் இருக்கமாட்டார்கள். ஏறாவூர், கல்முனைப் பக்கமிருந்து வீட்டு வேலைக்குப் போய், பாஸ்போட் கையிலில்லாமல் அவுட்பாஸில் (தற்காலிகப் பயணப் பத்திரத்தில்) திரும்பும் பெண்களில் சிலர் பயணிகள் பட்டியலில் நாடுகடத்தல் குறியீட்டோடு இருப்பார்கள்.

குறியீட்டைப் பிரித்து வாசியுங்கள். வந்திறங்கிய இடத்திலேயே அனுமதி மறுக்கப்பட்டவர் இனாட். அவரைத் திருப்பிக் கொண்டுபோவது கூட்டிவந்த விமான நிறுவனத்தின் பொறுப்பு. நாட்டுக்குள் இருந்து, பின்னர் வெளியேற்ற உத்தரவு பெற்றவர் காவலரோடு வந்தால் டெப்பா, தனியே வந்தால் டெப்பு. இவர்களின் செலவும் பொறுப்பும் அனுப்பும் அரசுடையது.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 9ஆம் இணைப்புப்படி, விமானம் புறப்பட 24 மணித்தியாலத்துக்கு முன்பே அனுப்பும் அரசு, விமான நிறுவனத்துக்கு மூன்று விஷயங்களைக் கொடுக்க வேண்டும்: சட்டம் இடம்தந்தால் உத்தரவின் பிரதி, ஆபத்து மதிப்பீடு, காவலர்களின் பெயரும் நாட்டுரிமையும். நடைமுறையில் இவை விமானமேறும் கேட்டடியில்தான் கப்டன் கைக்கு வரும், அதுவும் பாதியாக. மதிப்பீடு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முன்பு ஏறமறுத்தவரா, மருந்து எடுப்பவரா, தனக்குத்தானே தீங்கு செய்யப்பார்த்தவரா என்பது அதில்தான் இருக்கும். பாதுகாப்பில் நியாயமான சந்தேகம் இருந்தால் ஏற்ற மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கும் கப்டனுக்கும் உண்டு.

மறுப்பதானால் கதவு மூடுமுன் மறுங்கள். ஆளை இறக்கினால் அவருடைய பெட்டியும் இறங்க வேண்டும். அது சரக்கறையின் அடியில் கிடந்தால் தேடி எடுப்பதற்குள் புறப்படும் நேரம் பறிபோகும். ஆகவே பெட்டி எங்கே ஏற்றப்பட்டது என்று முதலே கேட்டு வையுங்கள்.

மற்றப் பயணிகளுக்கு முன் ஏற்றி, எல்லாரும் இறங்கியபின் இறக்குவது வழக்கம். இருக்கை பின்பக்கத்தில், அவசர வாசலுக்கு நேரே போகமுடியாத இடத்தில். மதுவும் உலோகக் கத்தியும் கொடுப்பதில்லை. விலங்கு போட வேண்டி வந்தாலும் இருக்கையோடு பிணைக்கக்கூடாது, தீயென்றால் ஆளை வெளியே எடுக்கவேண்டுமே. தலையை முன்பக்கம் குனிய அமுக்குவதும் வாயைப் பொத்துவதும் மூச்சைக் கொல்லும். 2010 ஒக்டோபரில் ஹீத்ரோவில், அங்கோலாவுக்கு அனுப்பப்பட இருந்த ஜிம்மி முபெங்கா காவலர்கள் அடக்கிப்பிடித்த நிலையில் விமானத்துக்குள் நினைவிழந்து இறந்தார். ஆள் "மூச்சு முட்டுது" என்றால் நடிப்பா என்று யோசிக்காமல் பிடியை விடச் சொல்லுங்கள்.

விமானத்துக்குள் நடக்கும் குற்றங்கள் பற்றிய 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கைப்படி, ஏறியபின் வெளிக்கதவெல்லாம் மூடியதிலிருந்து இறங்குவதற்கு ஒரு கதவு திறக்கும்வரை கப்டனின் அதிகாரம் ஓடும். காவலர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் உள்ளே கப்டன் சொல்லுக்குக் கீழேதான். கட்டுப்படுத்த உதவும்படி பணியாளருக்குக் கட்டளையிடலாம். பயணிகளிடம் கேட்கலாம், அனுமதிக்கலாம், வற்புறுத்த முடியாது.

திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் தரையிலேயே சொன்னால், அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது கப்டனின் வேலையல்ல. ஆனால் சொன்னதை நேரத்தோடு எழுதி, கதவு மூடுமுன் அங்குள்ள அதிகாரியிடம் சேர்ப்பியுங்கள். பயத்தில் இருக்கிறவரிடம் தமிழ் தெரிந்த பணியாளர் நாலு வார்த்தை பேசினால், காவலர் அதட்டலைவிட அது கூடப் பலிக்கும்.

தமிழ் பேசுவதில் ஒரு கவனம் வேண்டும். வளைகுடா விமானத்தில் முன்னும் பின்னும் ஊராட்கள் இருப்பார்கள். நடைபாதையில் நின்று "இவதான் டிப்போட்" என்று சொன்னால், அந்தப் பெண் வீடு சேருமுன் கதை ஊருக்குப் போய்விடும். பட்டியலையும் மடித்து வையுங்கள்.

தனியே வருபவரின் பயணப் பத்திரம் உறையில் பேர்சரிடம் (கேபின் பணியாளர் தலைவரிடம்) இருந்தால், இடையில் அவரிடமே கொடுக்கக்கூடாது. கிழித்துப் போட்டால் கட்டுநாயக்கவில் ஆளை அடையாளம் காட்டுவதே பெரும்பாடு. இறங்குமுன் நிறுவனத்தின் தரைப்பணியாளருக்கு வானொலியில் அறிவித்து, உறையைக் குடிவரவு அதிகாரியிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். வழியில் பலப்பிரயோகம் நடந்திருந்தால், யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று அன்றே அறிக்கையில் எழுதுங்கள்.