பிம் பழக வேண்டுமா? முதலில் ஒரு சின்ன வீட்டைத் திறந்து பாருங்கள்

பிம் (BIM) என்பது கட்டடத்தை அதன் தகவல்களோடு சேர்த்துக் கணினியில் மாடலாக உருவாக்கும் முறை. இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். எந்த மென்பொருளைக் கற்பது? எந்த மாநாட்டுக்குப் போவது? இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடலாம். ஆனால் கையில் ஒரு மாடல் இல்லாதவருக்கு அந்தப் பதிலால் பயன் இல்லை. மென்பொருள் விளம்பரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மாநாட்டில் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. ஆகவே இங்கே ஒரு சின்ன மாடலைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறோம். முதலில் அடுத்தவர் செய்ததைத் திறப்போம், பிறகு நாமே ஒன்று செய்வோம், அதை வெளியே அனுப்பிப் பார்ப்போம். அனுப்பும்போது எழும் கேள்வியோடு மாநாட்டுக்குப் போவோம்.

படி 1: அடுத்தவர் மாடலைத் திறங்கள்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் பயிற்சிக்கென்று சில மாதிரிக் கோப்புகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் எஃப்இசட்கே ஹவுஸ் என்ற சிறு வீடு தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. அது ஐஎஃப்சி கோப்பு. பிம் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் பொது வடிவம் இது. பில்டிங்ஸ்மார்ட் என்ற பன்னாட்டு அமைப்பு இதைப் பராமரிக்கிறது. கோப்பைத் திறக்கப் பணம் கட்டி எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸ் என்றால் பிம்விஷன் என்ற இலவச வியூவர் போதும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் போன்சாய் என்ற ஆட்-ஆனை (துணைநிரல்) சேர்த்துத் திறக்கலாம்.

திறந்ததும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மரப்பட்டியலுக்கு வாருங்கள். ப்ராஜெக்ட், அதற்குள் சைட், அதற்குள் பில்டிங், அதற்குள் இரண்டு தளங்கள், அவற்றுக்குள் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கும். ஒரு சுவரைச் சொடுக்குங்கள். அதன் வகை, பொருள், அளவுகள், கூடவே 22 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறியும் தெரியும். அந்தக் குறி அந்தச் சுவருக்கு மட்டுமே உரியது. பக்கத்துச் சுவர் பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும் அதற்கு வேறு குறிதான்.

அடுத்து ஸ்பேஸ் என்ற வகையைக் காட்டச் சொல்லுங்கள். பல வியூவர்களில் அது மறைந்திருக்கும். அறைகள் நிறம் பூசிய கட்டிகளாகத் தோன்றும். பெயர்கள் ஜெர்மன் மொழியில் இருப்பதால் உங்களுக்குப் புரியாமல் போகலாம். மென்பொருளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இது அறை, அது சுவர் என்று வகையைப் பார்த்தே அது தெரிந்துகொள்கிறது. வெறும் முப்பரிமாணப் படத்தில் இல்லாத விஷயம் இதுதான்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பலரும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். அதே கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறங்கள். முதல் வரியில் ஐஎஸ்ஓ-10303-21 என்று இருக்கும். கீழே ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு எண். சுவரைப் பற்றிய வரி இன்னும் சில வரி எண்களைச் சுட்டும். அவை வேறு வரிகளைச் சுட்டும். எல்லாம் புரிய வேண்டிய அவசியம் இல்லை. கட்டடம் என்பது இங்கே ஒன்றையொன்று சுட்டும் தகவல்களின் வலை என்று கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும். சக் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1975-லேயே இதைத்தான் எழுதினார்: கட்டடத்தின் விவரத்தை ஒரே இடத்தில் வைத்து, பிளான், செக்‌ஷன் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கலாம் என்று. அன்றைய கணினிக்கு அந்த யோசனை கொஞ்சம் பெரிது.

படி 2: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நீங்கள் யாரோடு வேலை செய்யப் போகிறீர்களோ அவர்கள் வைத்திருப்பதுதான் உங்கள் மென்பொருள். அது இன்னும் தெரியவில்லை என்றால் கீழே உள்ளவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெவிட் 2000-இல் வெளிவந்தது. 2002-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. பெரிய அலுவலகங்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், எம்இபி (மின்சாரம், குழாய், குளிர்சாதனம்) மூவரும் ஒரே மென்பொருளில் வேலை செய்ய முடிவது இதன் பலம். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய பதிப்பில் செய்த கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் மறுபடி பழையதில் திறக்க முடியாது. எனவே ஒரு ப்ராஜெக்ட்டில் சேரும்போது முதலில் கேட்க வேண்டியது, "எந்த வருடப் பதிப்பு?"

ஆர்க்கிகேட் ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனத்துடையது. ரெவிட்டைவிட மூத்தது, 1980-களிலேயே வந்துவிட்டது. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். வடிவமைப்பில் மட்டும் ஈடுபடும் சிறு அலுவலகங்களுக்கு இது கைக்கு இணக்கமானது என்பது என் கருத்து. வெக்டர்வொர்க்ஸும் அதே வகைதான். இவை எல்லாவற்றுக்கும் மாணவர் உரிமம் உண்டு. மாணவராக இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

மாணவரும் இல்லை, செலவழிக்கவும் முடியாது என்றால் போன்சாய் இருக்கிறது. மற்றவை தங்கள் சொந்த வடிவத்தில் சேமித்து, பிறகு ஐஎஃப்சிக்கு மாற்றித் தரும். போன்சாய் நேரடியாக ஐஎஃப்சியிலேயே எழுதும். பிளெண்டர் பழகாதவருக்கு முதல் சில நாள் தலை சுற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 இறுதியில் வந்த ஃப்ரீகேட் 1.0 என்ற இலவச மென்பொருளிலும் பிம் வசதி உள்ளேயே சேர்ந்து வருகிறது.

ஒரு மென்பொருளைத் தேர்ந்த பிறகு, "இதுதான் சிறந்தது" என்று சண்டைக்குப் போகாதீர்கள். 2020-இல் ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட கட்டடக் கலை நிறுவனங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க்குக்கு வெளிப்படையான கடிதம் ஒன்றை எழுதின. ரெவிட்டின் செலவு ஏறுகிறது, வளர்ச்சி மந்தமாக இருக்கிறது என்பது அவர்களின் குறை. அப்படி எழுதியவர்களும் ரெவிட்டைத் தினமும் பயன்படுத்தியவர்கள்தான்.

படி 3: ஒரே ஓர் அறை

முதல் மாடலுக்கு ஓர் அறை போதும். மாளிகை கட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும்.

சுவர் போடுவதற்கு முன் லெவல், அதாவது உயரத்தைக் குறிக்கும் கோடு. தரைக்கு 0, கூரைக்கு 3000 மில்லிமீட்டர் என்று இரண்டு லெவல் வையுங்கள். பிறகு 200 மி.மீ. தடிமனில் நான்கு சுவர்கள். உள் அளவு 4000-க்கு 3000. இங்கேதான் முக்கியமான ஒரு பழக்கம் வருகிறது. சுவரின் உயரத்தை எண்ணாகக் கொடுக்காதீர்கள், மேல் லெவலோடு கட்டிவிடுங்கள். ரெவிட்டில் உயரம் அன்கனெக்டெட் என்று நின்றால் அதை மாற்றி மேல் லெவலைத் தேர்ந்தெடுங்கள். ஆர்க்கிகேட்டிலும் சுவரின் மேல்பக்கத்தை மேல் தளத்தோடு இணைக்கும் தேர்வு இருக்கிறது.

தரையையும் கூரை ஸ்லாபையும் போடுங்கள். 900-க்கு 2100 கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று வையுங்கள். இரண்டும் சுவருக்குள் தானாக உட்கார்ந்து தமக்கான திறப்பை வெட்டிக்கொள்ளும். உள்ளே ரூம் ஒன்றை வைத்துப் பெயர் கொடுங்கள். கடைசியாகக் கதவுகளுக்கு ஒரு ஷெட்யூல் (விவர அட்டவணை) எடுங்கள்.

சரி, இப்போது மூன்று சோதனைகள்.

மேல் லெவலை 3000-லிருந்து 3300 ஆக்குங்கள். சுவரும் கூரையும் சேர்ந்து உயர்ந்தால் நன்று. ஏதாவது ஒன்று கீழேயே நின்றுவிட்டால் அது லெவலோடு கட்டப்படவில்லை.

கதவு ஷெட்யூலில் அகலத்தை 900-லிருந்து 1000 ஆக்குங்கள். பிளானிலும் கதவு மாறும். ரெவிட்டில் அகலம் பொதுவாகக் கதவின் வகைக்கு உரியது. அதனால் அந்த வகைக் கதவு பத்து இருந்தால் பத்தும் மாறும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் வகையை நகலெடுத்து வேறு பெயர் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, அறையின் பரப்பு. சுவரின் உள்முகத்திலிருந்து அளந்தால் 12 சதுர மீட்டர் வர வேண்டும். சுவரின் மையக்கோட்டிலிருந்து அளந்தால் 4.2-க்கு 3.2, அதாவது 13.44. ஒரே அறை, ஒரே மாடல், இரண்டு பரப்பு! எது என்பதை மென்பொருளின் ஓர் அமைப்பு (செட்டிங்) தீர்மானிக்கிறது. பரப்பை வைத்து விலை பேசும் இடத்தில் இந்த ஓர் அமைப்பைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: வெளியே அனுப்பிப் பாருங்கள்

அறையை ஐஎஃப்சியாக ஏற்றுமதி செய்து, படி 1-இல் நிறுவிய வியூவரில் திறங்கள். ஏற்றுமதியின்போது பதிப்பைக் கேட்கும். ஐஎஃப்சி 2x3 பழையது, ஆனால் இன்றும் எங்கும் புழங்குகிறது. ஐஎஃப்சி 4 அதற்கு அடுத்தது. பெறுபவர் எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுங்கள்.

இப்போது மரப்பட்டியலைப் பாருங்கள். தளங்கள் சரியாக இருக்கின்றனவா? நான்கு சுவரும் சுவர் என்ற வகையிலேயே வந்தனவா? ரூம் வந்ததா? ப்ராக்ஸி என்ற வகையில் ஏதாவது இருக்கிறதா? இது என்னவென்றே தெரியவில்லை என்று மென்பொருள் கைவிட்ட பொருள்களே ப்ராக்ஸி. ரெவிட்டில் ஜெனரிக் மாடல் என்ற பொது வகையில் செய்த பொருள்கள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வரும். வடிவம் சரியாக இருக்கும். ஆனால் சுவர்களை எண்ணு என்றால் அவை கணக்கில் வராது.

பெறுபவர் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. ஐஎஃப்சியைத் தன் மென்பொருளில் திறந்து, சொந்த மாடல்போலத் திருத்திக்கொள்ளலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதை லிங்க் செய்து, பார்வைக்காக மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வதே வழக்கம். திருத்தம் வேண்டுமென்றால் அனுப்பியவரிடமே சொல்ல வேண்டும். அதற்கென்று பிசிஎஃப் என்ற கோப்பு இருக்கிறது: எந்தப் பொருள், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் தெரியும், என்ன பிரச்சினை என்ற மூன்றும் அதில் போகும், மாடல் போகாது. டக்ட் (காற்றுக் குழாய்) பீமை ஊடுருவிப் போகும் இடங்களை நேவிஸ்வொர்க்ஸ், சொலிப்ரி போன்ற சோதனை மென்பொருள்கள் கண்டுபிடித்துத் தரும். அவற்றைச் சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பப் பயன்படுவது இந்தப் பிசிஎஃப்தான்.

இந்த நான்காம் படியில் உங்களுக்கு நிச்சயம் ஏதாவது ஒன்று சரியாக வராது. ரூம் காணாமல் போகும், அல்லது இரண்டு மாடல்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் எங்கோ தள்ளி நிற்கும். அதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அடுத்த படிக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

படி 5: மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள்

மாநாடுகள் எல்லாம் ஒரே வகை இல்லை. உங்கள் வாக்கியத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி ஒரு மென்பொருளின் பயன்பாட்டைப் பற்றியது என்றால் அந்த நிறுவனம் நடத்தும் மாநாடு. ஆட்டோடெஸ்க் யுனிவர்சிட்டி 1993-இல் தொடங்கியது. அதன் வகுப்புகள் பலவற்றின் பதிவுகளும் கையேடுகளும் பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் முறைக்கு நேரில் போகவே வேண்டாம். பழைய பதிவுகளில் உங்கள் பிரச்சினையைத் தேடுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

நிறுவனத்தின் குரல் இல்லாமல், பயன்படுத்துபவர்களே பேசுவது வேண்டுமானால் பில்ட் என்ற மாநாடு. ஆஸ்திரேலியாவில் ரெவிட் பயனர்கள் நடத்திய கூட்டமாக முளைத்தது. பிறகு பெயர் மாறி, வேறு கண்டங்களுக்கும் வேறு மென்பொருள்களுக்கும் விரிந்தது. கேள்வி ஐஎஃப்சி போன்ற தரநிலைகளைப் பற்றியது என்றால் பில்டிங்ஸ்மார்ட் உச்சிமாநாடு. அங்கே தரநிலையை எழுதுபவர்களே வருவார்கள். ஆனால் அடிப்படை தெரியாமல் போனால் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடும். ஆராய்ச்சியில் ஆர்வம் என்றால் அகேடியா, இகாட், காட்ரியா மாநாடுகள். இவற்றின் கட்டுரைகள் கியூமின்கேட் என்ற தொகுப்பில் படிக்கக் கிடைக்கும். லண்டனில் நடக்கும் டிஜிட்டல் கன்ஸ்ட்ரக்‌ஷன் வீக் போன்றவை கண்காட்சிகள். பல கருவிகளை ஒரே நாளில் பார்க்க நல்லது, கற்க அல்ல.

படி 6: அங்கே என்ன செய்வது

நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு அமர்வுக்கும் தொடக்கநிலையா, மேல்நிலையா என்று குறித்திருப்பார்கள். அதை நம்பலாம். லெக்சரா லேபா என்று பார்த்து, லேபுக்கு முதலில் பதிவு செய்யுங்கள். கணினிகள் கொஞ்சம்தான், இடம் சீக்கிரம் நிரம்பும். கீநோட் எனும் முக்கிய உரையைத் தவறவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் போகாதீர்கள். மிச்ச நேரத்தைப் பேச்சாளர்களைப் பிடித்துப் பேச வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ 19650 என்ற எண் அங்கே அடிக்கடி காதில் விழும். பிம் தகவலை யார், எப்போது, எந்த நிலையில் பகிர வேண்டும் என்று சொல்லும் தரநிலை அது. முதல் இரண்டு பாகங்கள் 2018-இல் வந்தன. வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகத்தில் வைத்தது என்ற நான்கு நிலைகளை மட்டும் தெரிந்துகொண்டு போனால் பேச்சைப் பின்தொடர முடியும்.

விற்பனை அரங்குகளுக்குப் பென்டிரைவில் உங்கள் ஓர் அறை ஐஎஃப்சியைக் கொண்டு போங்கள். அவர்களின் டெமோ மாடல் எப்போதும் அழகாகத்தான் ஓடும். "இதைத் திறந்து காட்டுங்களேன்" என்று கேளுங்கள். உடனே திறந்து காட்டுபவரிடம் நின்று பேசலாம். அப்புறம் அனுப்புங்கள் என்பவருக்கு ஒரு புன்னகை போதும். அடுத்த பதிப்பில் வருகிறது என்று சொல்லும் வசதியை நம்பி எதையும் வாங்காதீர்கள். டிஜிட்டல் ட்வின் (நிஜக் கட்டடத்தின் கணினி இரட்டை), செயற்கை நுண்ணறிவு என்று காட்டினால் ஒரே ஒரு கேள்வி: இதற்கான தகவலை மாடலுக்குள் யார் உட்கார்ந்து நிரப்பினார்கள்?

திரும்பி வந்த வாரமே, கேட்டுவந்த தீர்வை அந்த ஓர் அறையில் செய்து பாருங்கள். ரூம் இப்போதாவது வியூவரில் தெரிகிறதா என்று சோதியுங்கள். தெரிந்தால், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களோடு அரைப் பக்கம் எழுதி வையுங்கள். ஆட்டோடெஸ்க் யுனிவர்சிட்டியும் பில்டும் பயனர்களிடமிருந்தே உரைகளுக்கான முன்மொழிவுகளைக் கேட்கின்றன. மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே அந்த அழைப்பு வந்துவிடும், தேதியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.