ஆயா–பேத்தி மனக்கசப்பை உவமையில் எழுதுவது எப்படி?

ஆயாவுக்கும் பேத்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். படிப்பவர் தெரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அவரை அங்கே நிறுத்த, இடத்துக்கு ஏற்ற ஓர் உவமை வேண்டும். ஒரு கதையை வைத்தே பார்ப்போம்.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீடு. ஆயா வளர்த்த பேத்தி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். தாத்தா இறந்தபோது, எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து ஆயா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது மாசி மாதம். வாசலில் புளி குவிந்து கிடக்கிறது.

படி 1: பாத்திரத்தின் கையில் இருப்பதைப் பாருங்கள்

ஆயாவின் கோபத்தைக் கடலோடு ஒப்பிட்டால், அது கடல் பார்த்த எழுத்தாளரின் உவமை. ஆயாவுக்குத் தெரிந்தது புளி. அதையே எடுங்கள்.

படி 2: எதில் ஒக்கிறது என்று கேளுங்கள்

உவமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே நின்றுவிடுகிறோம். புளியங்கொட்டை போலப் பளபளக்கும் கண் என்றால் முகம் தெரியும், உறவு தெரியாது. உறவைச் சொல்ல வினைதான் வேண்டும்: ஒட்டுவது, விடுவது, பிய்வது.

படி 3: பழகிய உவமையை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள்

‘ஓடும் புளியம்பழமும் போல’ என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியே வைத்தால் தேய்ந்த காசு. அதோடு, இந்தக் கதைக்கு அது தவறும்கூட. காயில் ஓடு சதையோடு ஒட்டியிருக்கும். பழுக்கப் பழுக்கச் சதை வற்றிச் சுருங்கி ஓட்டை விட்டு விலகும். பழுத்தபின் பிரிப்பதில் வலியே இல்லை. இவர்கள் இருவரும் பழம் ஆகவில்லை, செங்காய். தட்டினால் ஓட்டோடு சதையும் பிய்ந்து வரும். உங்கள் உவமை அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஓடு விட்டாலும் காம்பிலிருந்து இறங்கும் நார் சதையைப் பிடித்தபடியே இருக்கும். கதைக்குப் பின்னால் அது உதவும்.

படி 4: ‘போல’வை எடுத்துவிடுங்கள்

சங்கப் பாடல்களின் உள்ளுறையில் உவமிக்கும் காட்சி மட்டும் இருக்கும், பொருளைக் கேட்பவரே சேர்த்துக்கொள்வார். நாமும் முயல்வோம்:

பேத்தி ஒரு புளியை எடுத்துத் தட்டினாள். ஓடு நொறுங்கியது. பாதிச் சதை அதோடு வந்தது.

“செங்காய ஏன் தட்டற?” ஆயா தலை நிமிரவில்லை.

“தெரியல ஆயா.”

“வெயில்ல போடு.”

பேத்தி அதைத் தனியாக எடுத்து வைத்தாள். ஆயா அடுத்த பழத்தின் நாரை உருவினாள். அது காம்போடு நீளமாக வந்தது.

கோபம், துக்கம் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. இதற்கு மேல் விளக்க வரி சேர்க்காதீர்கள். கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரே பொருளோடு இருங்கள்

புளியைப் பிடித்தபின் களியும் மாங்காயும் வேண்டாம்.

பயிற்சியாக முடிவை நீங்கள் எழுதிப் பாருங்கள். பேத்தி ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். அவள் பையில் ஆயா ஒரு பொட்டலம் புளி வைக்கிறாள். கொட்டை எடுத்த புளியா, கொட்டையோடு கூடியதா?