தெமோதரை வளைவில் ஏறாத கோச்சி

இலங்கையின் தெமோதரையில் கோச்சி, அதாவது ரயில், போகும் பாதை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து, மலையைச் சுற்றி ஏறி மேலே வரும். அதை மாதிரி ரயிலாகச் சின்னதாகச் செய்ய எனக்கு நெடுநாள் ஆசை. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தை 45 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்துப் போட்டேன்.

மூன்று பெட்டி மாட்டினால் கோச்சி ஏறவில்லை. குனிந்து பார்த்தேன். எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, தண்டவாளத்தில் பளபளவென்று ஒரு தேய்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கோ என்று துடைத்தேன், பலனில்லை. அப்புறம்தான் அளந்தேன். 8 சென்டிமீட்டர் ஏற்றத்தை அரை வட்டத்துக்குள், வெறும் 141 சென்டிமீட்டரில் திணித்திருக்கிறேன். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 6!

தாங்குகட்டைகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் சீவி, அதே ஏற்றத்தை முழு வட்டத்துக்கும் பரப்பினேன். இப்போது நூற்றுக்கு 3கூட இல்லை. கோச்சி சுரங்கத்தில் நுழைந்து, மெல்ல ஏறி, மூன்று பெட்டியோடு ஸ்டேஷனில் வந்து நின்றது.