சிஎக்ஸ்எஃப் கொண்டு எழுதிய வெப் சர்வீஸில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது எப்படி?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்கு, வெளியூர்க் கடைகளின் ஆர்டர்களை வாங்கி இருப்புக் கணக்கோடு ஒப்பிடும் மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். அது அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் என்னும் ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்ட சோப் சேவை, அதாவது எக்ஸ்எம்எல் செய்திகள் வழியாகப் பிற கணினிகளோடு பேசும் நிரல். சர்வர் கடை மாடியில் இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் கணினியும் கேமரா பதிவுப் பெட்டியும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, 2022 டிசம்பரில் வெளியான சிவிஇ-2022-46364 என்னும் ஓட்டையைப் பாருங்கள் (சிவிஇ என்பது வெளியே தெரிந்த ஓட்டைகளுக்குத் தரப்படும் பதிவு எண்). பெரிய கோப்புகளை இணைப்பாக அனுப்ப எம்டாம் என்ற முறை உண்டு. அதில், எக்ஸ்ஓபி இன்க்ளூட் என்னும் குறியின் எச்ரெஃப் பண்பு, அதே செய்தியோடு வந்த இணைப்பை மட்டுமே சுட்ட வேண்டும். பழைய பதிப்புகளோ, அங்கே எந்த இணைய முகவரியை எழுதினாலும் சர்வரே போய் அதைத் திறந்தன. வெளியே இருப்பவர் ஒருவர் அந்த இடத்தில் பதிவுப் பெட்டியின் உள்முகவரியை எழுதினால், ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கும் நம் சர்வரே அவருக்காகக் கதவைத் தட்டும். ஒரே ஒரு அளவுருவை ஏற்கும் சேவை கூட இதற்குப் போதும். 3.5.5, 3.4.10 ஆகிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது. 2024-இல் எக்ஸ்எம்எல் செய்தியை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் பைண்டிங்குகளில் ஒன்றான ஏஜிஸ் டேட்டா பைண்டிங்கில் இதே வகை ஓட்டை சிவிஇ-2024-28752 என வெளிவந்து, 4.0.4, 3.6.3, 3.5.8 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. இயல்பான பைண்டிங்கைப் பயன்படுத்துவோருக்கு அதனால் பாதிப்பில்லை.

முதலில், உண்மையில் ஓடுவது எந்தப் பதிப்பு என்று கண்டறியுங்கள். தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் பாம் (pom.xml) கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஜாவா நிரலைக் கட்டும் கருவியான மேவனின் டிபென்டென்சி ட்ரீ கட்டளையை ஓட்டினால், வேறு லைப்ரரி வழியாக உள்ளே வரும் சிஎக்ஸ்எஃப் ஜார்களும் (ஜாவா நிரல் தொகுப்புக் கோப்புகள்) தெரியும். அதன் பிறகு சர்வரிலேயே வெப்-இன்ஃப் கோப்புறையின் லிப் பகுதியைத் திறந்து கண்ணால் பாருங்கள். நான் ஒருமுறை பழைய கோப்புறையின் மேலேயே புதிய கோப்புகளைப் போட்டுவிட்டேன். பழைய ஜாரும் புதிய ஜாரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்த நிலையில் எது ஏற்றப்படும் என்பதற்கு உறுதியே கிடையாது. ஆகவே பழைய கோப்புறையை முழுவதும் நீக்கிய பிறகே புதியதை நிறுவ வேண்டும்.

எந்தப் பதிப்புக்கு மாறுவது என்பதை உங்கள் ஜாவாதான் தீர்மானிக்கும். ஜாவா 8-ஐ விட முடியாதவர்கள் 3.5 வரிசையிலும், ஜாவா 11 உள்ளவர்கள் 3.6 வரிசையிலும் இருக்கலாம். 4.0 வரிசைக்கு ஜாவா 17 வேண்டும். நிரலில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பெயர்களையும் ஜகார்த்தா என்று மாற்ற வேண்டியிருக்கும். எந்த வரிசையானாலும் அதன் கடைசிப் பதிப்பையே எடுங்கள். மேலே சொன்னவற்றுக்குப் பிறகும் திருத்தங்கள் வந்துள்ளன. வேலைக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் சரக்கு லாரி நுழையாது என்பதால், கடை முதலாளியிடம், "அண்ணாச்சி, அன்னைக்கு ஆர்டர் வராதுல்ல, ரெண்டு மணி நேரம் சர்வரை நிறுத்திக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

அடுத்து, சர்வர் வெளியே போகும் வழிகளைச் சுருக்குங்கள். பலரும் உள்ளே வருவதை மட்டுமே தடுக்கிறார்கள். இத்தகைய ஓட்டைக்கு வெளியே போவதைத் தடுப்பதே நல்ல காப்பு என்பது என் உறுதியான கருத்து. டேட்டாபேஸுக்கும், தேவையான ஓரிரு முகவரிகளுக்கும் மட்டும் அனுமதி கொடுத்து, மற்றதை ஃபயர்வாலில் மூடுங்கள். கிளவுடில் வைத்திருப்பவர்கள் 169.254.169.254 என்ற முகவரியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சர்வரின் தற்காலிகச் சாவிகள் அங்கேதான் கிடைக்கும். சேவைகளின் பட்டியலைக் காட்டும் பக்கத்தையும் மறைத்துவிடுங்கள்.

இறுதியாகச் சோதனை. இதை உங்கள் சொந்தச் சோதனை சர்வரில் மட்டுமே செய்ய வேண்டும். வேறொரு கணினியில் பைத்தான் கொண்டு சிறிய எச்டிடிபி சர்வரை ஓட்டி, அதன் முகவரியை எச்ரெஃப் இடத்தில் எழுதிய எம்டாம் செய்தியைச் சேவைக்கு அனுப்புங்கள். ஃபயர்வால் விதி முடிவை மறைத்துவிடாதபடி, இந்த ஒரு முகவரிக்கு மட்டும் தற்காலிகமாக வழி விடுங்கள். பழைய பதிப்பில் பைத்தான் சாளரத்தில் உடனே ஒரு கெட் (GET) வரி, அதாவது நம் சர்வர் அந்த முகவரியைத் திறந்ததற்கான பதிவு, தோன்றும். புதிய பதிப்பில் அதே செய்தியை அனுப்பும்போது அந்தச் சாளரத்தில் ஒரு வரியும் வரக்கூடாது.