மொட்டை மாடியில் 40 மீட்டர் ஆன்டெனா: வீட்டு ஹாம் நிலையத்துக்கான முதல் கம்பி

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலான அன்பர்கள் முதலில் விசாரிப்பது எந்த டிரான்சீவரை, அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவியை, வாங்கலாம் என்பதைத்தான். பணத்தையும் கவனத்தையும் முதலில் ஆன்டெனாவில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அனுப்பும் திறனை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக உயர்த்தினால் எதிர்முனையில் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் அது அரைப் புள்ளிதான். சுவரோடு ஒட்டித் தாழ்வாகக் கிடந்த கம்பியை உயரத்துக்கும் திறந்த வெளிக்கும் கொண்டுபோனாலோ, நம் குரல் போய்ச் சேருவதும் மேம்படும், பிறர் குரல் நமக்குக் கேட்பதும் மேம்படும்.

முதல் ஆன்டெனாவாக நான் பரிந்துரைப்பது, அலைநீளத்தால் 40 மீட்டர் என்று பெயர்பெற்ற அலைவரிசைக்கான தலைகீழ் ‘வி’ வடிவ டைபோல். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் இரண்டு கம்பிக் கைகள், இவ்வளவுதான் அமைப்பு. இந்தியாவில் இந்த அலைவரிசை 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டின் மொட்டை மாடிக்கு மேல் 6 மீட்டர் கம்பம் நின்றால், தரையிலிருந்து உச்சி ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். அது இந்த அலைவரிசையில் கால் அலைநீளம். இந்த உயரத்தில் உள்ள டைபோல் தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செங்குத்தாக வானை நோக்கி அனுப்புகிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அதைத் திருப்பிச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் இறக்குகிறது. பகல் வேளையில் சென்னையிலிருந்து மதுரையோடும் கொச்சியோடும் பெங்களூரோடும் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான எளிய ஆன்டெனா இல்லை. இரவில் அருகிலுள்ள ஊர்கள் மங்கித் தொலைதூர நிலையங்கள் கேட்கத் தொடங்கினால் ஆன்டெனா கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். அது அயனி மண்டலத்தின் மாற்றம்.

எதையும் வாங்குவதற்கு முன் மாடியில் ஏறி நின்று மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். நம் ஊர்த் தெருக்களில் மின்கம்பிகள் கைப்பிடிச் சுவருக்கு மிக அருகிலேயே ஓடுவது வழக்கம். ஆன்டெனா கம்பியோ கம்பமோ எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும், தூக்கி நிறுத்தும்போது கை நழுவினாலும், மின்கம்பியைத் தொட முடியாத இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி ஓர் இடம் மாடியில் இல்லையென்றால் இந்த ஆன்டெனாவை அங்கே கட்டக் கூடாது; இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

கம்பியின் நீளத்தைக் கணக்கிட 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 20.1 மீட்டர், அதாவது ஒரு கைக்கு 10 மீட்டரும் சிறிதும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே இதற்குப் போதுமானது. அதன் மேலுறையை உரிக்க வேண்டாம். உறையுள்ள கம்பியில் நீளம் சில விழுக்காடு குறைவாகவே தேவைப்படும் என்பதாலும், கைகள் சரிந்திருப்பதும் அருகிலுள்ள கான்கிரீட்டும் கணக்கை மாற்றும் என்பதாலும், ஒவ்வொரு கையையும் 10.5 மீட்டராக வெட்டிக்கொண்டு பிறகு குறைத்துச் சரிசெய்வதே நல்லது.

இடம் போதுமா என்ற கேள்வி உடனே எழும். முப்பதுக்கு நாற்பது அடி, அதாவது 9-க்கு 12 மீட்டர் மாடியை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைவிட்டம் 15 மீட்டர். நடுவில் 6 மீட்டர் கம்பத்தை நிறுத்தி, எதிரெதிர் மூலைகளில் 2.5 மீட்டர் உயரக் கழிகளை வைத்தால், உச்சியிலிருந்து ஒரு மூலைக்கு உள்ள சாய்வு நீளம் 8.3 மீட்டர் அளவில் வரும். மீதமுள்ள சுமார் இரண்டு மீட்டரை மூலையிலிருந்து மடக்கி, கைப்பிடிச் சுவரின் போக்கிலேயே அதே உயரத்தில் இன்னொரு கழிக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். டைபோலில் மின்னோட்டம் நடுவில்தான் அதிகம், முனைகளில் மிகக் குறைவு. ஆகவே முனையை மடக்குவதால் இழப்பு சொற்பம். நடுப்பகுதி உயரமாகவும் நேராகவும் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். முனைகளில் மின்னோட்டம் குறைவென்றாலும் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். துணி காயப்போட வருபவர்களின் கைக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் எட்டாதபடி 2.5 மீட்டர் உயரத்தை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் ஏற்றது. படிக்கட்டு அறை மாடியின் நடுப்பகுதியில் இருந்தால் அதன் சுவரில் கிளாம்பு போட்டுப் பொருத்தலாம். இல்லையென்றால் மூன்று அல்லது நான்கு திசைகளில் இழுவைக் கயிறு கட்டியாக வேண்டும். உச்சியில் ஒரு கப்பியைப் பொருத்தி, ஆன்டெனாவின் நடுமுனையைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி செய்துகொள்ளுங்கள். நீளம் சரிசெய்யும்போதும், வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டது என்ற செய்தி வரும்போதும் இந்தக் கப்பியின் அருமை தெரியும். முனைகளில் கம்பிக்கும் கயிற்றுக்கும் இடையே மின்கம்ப இழுவைக் கம்பியில் பயன்படும் முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டரின் சிறிய அளவைப் போடலாம். கிடைக்காவிட்டால் தடிமனான பி.வி.சி. குழாயின் துண்டில் இரண்டு துளையிட்டாலே வேலை நடக்கும். கயிறு வெயிலில் இற்றுப்போகும் பொருள் என்பதை நினைவில் வைத்து ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

நடுமுனையில் கோஆக்சியல் கேபிளை (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் உள்ள கேபிள்) நேரடியாக இணைத்துவிட்டு நிறுத்திக்கொள்வோர் பலர். அப்படிச் செய்தால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதன் விளைவாக அனுப்பும்போது மைக்கைத் தொட்டால் சுருக்கென்கிறது, அண்டை வீட்டு ஒலிபெருக்கியில் நம் குரல் கரகரக்கிறது. கேட்கும்போது வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், சார்ஜர்கள் ஆகியவற்றின் இரைச்சலெல்லாம் அந்தப் பின்னல் வழியாகவே ரிசீவருக்குள் ஏறுகிறது. இதைத் தடுக்க, பின்னலின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் பாயாமல் மறிக்கும் 1:1 கரண்ட் பாலன் தேவை. எஃப்.டி. 240-43 என்ற ஃபெரைட் வளையத்தில் ஆர்.ஜி.-58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றினால் பாலன் ஆயிற்று. அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அடிப்பக்கம் மட்டும் நீர் வடியச் சிறு துளை விட்டு, மற்ற இடைவெளிகளை அடைத்துவிட வேண்டும். வளையம் கொஞ்சம் விலை கூடியதுதான். ஆனாலும் முழு அமைப்பிலும் நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்காத பொருள் அதுவே.

கேபிளைப் பொறுத்தவரை 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்.ஜி.-58 ஏற்படுத்தும் இழப்பு 1 டெசிபலுக்கும் குறைவு; அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதே கேபிளை அதே நீளத்தில் 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பயன்படுத்தினால் அனுப்பும் திறனில் பாதிக்கு மேல் கேபிளிலேயே வெப்பமாகிவிடும். ஆகவே 2 மீட்டர் அலைவரிசைக்கு ஆர்.ஜி.-213 போன்ற தடித்த கேபிளை வாங்குங்கள். எந்தக் கேபிளானாலும் மழைநீர் உள்ளே இறங்கினால் வீண்தான். வெளியிலுள்ள ஒவ்வோர் இணைப்பையும் பற்றவைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நீர் சொட்டிப்போகும்படி கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். அங்கே போல்ட்டு நட்டெல்லாம் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும்.

கட்டி முடித்த பிறகு நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவைக் கருவியாலோ எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டராலோ அளந்து பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனாவிலிருந்து திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை. மீட்டரில் அளப்பதானால் அலைவரிசையில் யாரும் பேசவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மிகக் குறைந்த திறனில் சில நொடிகள் மட்டும் அனுப்புங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாக இருக்கும் அதிர்வெண் 7.1-க்குக் கீழே, உதாரணமாக 6.9-இல் விழுந்தால் கம்பி நீளமாக இருக்கிறது என்று பொருள். 100 கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்த ஒவ்வொரு கையிலும் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் குறைக்க வேண்டியிருக்கும். வெட்டிவிடாமல், முனையை மடக்கிக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கட்டினால், வேண்டும்போது மீண்டும் நீட்டிக்கொள்ளலாம். இரண்டு கைகளையும் சம அளவில் மாற்றுங்கள். 1.5:1 கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் திரும்பி வரும் திறன் 4 விழுக்காடு மட்டுமே. ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைத்துச் சோதிக்கும் மின்தடையான டம்மி லோடும் 1:1 காட்டும், ஆனால் அது எதையும் வானில் ஏற்றாது என்பதால் எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை மட்டும் வைத்து ஓர் ஆன்டெனாவை மதிப்பிடுவது தவறு.

இந்த ஆன்டெனா 21 மெகாஹெர்ட்ஸிலும், மூன்று மடங்கு அதிர்வெண் என்பதால், ஓரளவு பொருந்தி வேலை செய்யும். 14 மெகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் அதே நடுமுனையில் 5 மீட்டர் நீளமுள்ள இன்னொரு சோடிக் கைகளை இணைத்து, முதல் சோடியிலிருந்து விலக்கி வேறு திசையில் இழுத்துக் கட்டலாம். அந்த அலைவரிசையில் 10 மீட்டர் உயரம் அரை அலைநீளமாகிவிடுவதால் வெளிநாட்டு நிலையங்களுக்கும் அது உதவும். 145 மெகாஹெர்ட்ஸில், நம் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் உள்ளூர் ரிப்பீட்டரைப் பிடிக்க, கேபிளை இணைக்கும் எஸ்.ஓ.-239 சாக்கெட்டின் நடு ஊசியில் சுமார் 49 சென்டிமீட்டர் செங்குத்துக் கம்பியும், அதன் நான்கு மூலைத் துளைகளில் 45 பாகை கீழ்நோக்கிச் சாயும் 52 சென்டிமீட்டர் கம்பிகளும் போதும். ஒரே திசையில் குவித்து அனுப்பும் யாகி ஆன்டெனா, அதைத் திருப்பும் சுழலி போன்றவற்றை முதல் ஆண்டில் நினைக்க வேண்டியதில்லை.

இடி மின்னலுக்கான ஏற்பாட்டைக் கடைசியில் சொன்னாலும் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. கம்பத்தையும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் வெளிப்பின்னலையும், தடித்த செப்புக் கம்பியால் வெளியே பதித்த எர்த் தண்டோடு இணைத்து, அந்தத் தண்டை வீட்டின் மின் எர்த்தோடும் சேர்க்க வேண்டும். இரண்டு எர்த்துகள் தனித்தனியே இருந்தால், மின்னல் நேரத்தில் அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்தம் ரேடியோ வழியாகவே பாயும். வீட்டு எர்த்தோடு சேர்க்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். மின்னழுத்தப் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் அரெஸ்டர் பொருத்தியிருந்தாலும் நேரடியாக விழும் மின்னலை அது தாங்காது. கோடை இடியும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள மாதங்களில், பேசி முடித்ததும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி அதன் முனையை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அதைக் கழற்றுவதற்காகக் கேபிளைத் தொடாதீர்கள்.